என் வீட்டுக்காரர் ரத்தம் சுத்தம்

எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம், என் வீட்டுக்காரரின் முழங்கையில் சிவப்பாக ஒரு தடிப்பு வந்தது. மேலே வெள்ளையாகச் செதில். சொறிந்தால் பொடிப்பொடியாக உதிரும். இன்னும் கொஞ்சம் சொறிந்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்க்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால், முதுகு, தலை என்று பரவிவிட்டது. எழுபதுகளின் கடைசி அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அங்கே அவரைப் பார்த்து, ரத்தம் கெட்டுப் போச்சு என்று சொல்லாத ஆள் யாராவது இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும். பால்காரர் சொன்னார். முடிவெட்டுகிறவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். பாசாரில் மீன் விற்கும் சீன ஆன்டி மலாய் மொழியில் சொன்னார். வைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்!

எல்லாருக்கும் மேலே அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்கவைத்து, கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கு அனுப்பியது அண்ணிதான். நாலு கடை தள்ளிக் குடியிருந்தார். தம்பியின் தோல் இப்படி ஆனதும் கங்கணம் கட்டிக்கொண்டு பத்தியத்தில் இறங்கிவிட்டார். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, இறால் கூடாது, ஆட்டுக்கறியை நினைக்கவே கூடாது. காலையில் வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து, சாயங்காலம் ஏதோ ஒரு பச்சிலைச் சாறு.

"ரத்தத்துல அழுக்கு சேந்துபோச்சு தம்பி. உள்ள சுத்தமானாத்தான் வெளிய சரியாவும்" என்பார் அண்ணி.

அக்கா சொல்லைத் தட்டாமல் அவரும் வருஷக்கணக்கில் அதைக் குடித்தார். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலோரம் போய் நின்று மூச்சு இழுப்பார், பாவம். தோல் மட்டும் மசியவே இல்லை.

கடைசியில் நான்தான் பொறுக்கமாட்டாமல் அவரைப் பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயதான சீன டாக்டர். முதுகு, கை, கால் எல்லாவற்றையும் வெறுங்கையால் தொட்டுப் பார்த்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இதற்கு சோரியாசிஸ் என்று பெயர், யாருக்கும் ஒட்டாது, ரத்தத்தில் அழுக்கு கிழுக்கு ஒன்றும் இல்லை, பத்தியமும் தேவையில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி ஒரு தார்க் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

உள்ளே போன மனிதர் வேறு, வெளியே வந்த மனிதர் வேறு. நேராக வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுக்கறி வறுவல், இறால் சம்பல், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. இலையில் கிடந்த எலும்பைக்கூட விடவில்லை. "என் ரத்தம் சுத்தம்! டாக்டரே சொல்லிட்டாரு!" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். அந்த ஆளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நல்லது லா அண்ணே" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் மந்திரம். யார் என்ன சொன்னாலும், என் ரத்தம் சுத்தம். அண்ணிக்கு முகம் தொங்கிப் போயிற்று. "அந்த டாக்டரு என்னத்தக் கண்டாரு" என்று தீபாவளிக்குத் தீபாவளி ஆரம்பிப்பார். இவர் உடனே அண்ணியின் கண் முன்னாலேயே இன்னும் நாலு துண்டு கறியை இலையில் போட்டுக்கொள்வார். ஒரு தடவை அண்ணி கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். பசிக்குச் சாப்பிட்டதைவிட அக்காவுக்குப் பதில் சொல்லச் சாப்பிட்டதுதான் அதிகம். இப்படி ஒரு பழிவாங்கலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வயிறு முன்னால் வந்தது. அலுவலகத்தில் பழகின சிகரெட் வீட்டுக்கும் வந்தது. கேட்டால், டாக்டர் எதையும் விடச் சொல்லலையே என்பார். தோல் டாக்டர் தோலைப் பற்றிச் சொன்னதை இவர் உடம்பு முழுவதற்கும் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்று. ரத்தம் சுத்தம் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், கையை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார்.

நான் தையல்காரி. வீட்டுக்குக் கீழே, அஞ்சடி நடைபாதையில் மெஷின் போட்டு சேலை ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டை எல்லாம் என் கைவேலைதான். கறுப்பிலோ நீலத்திலோ தைக்கமுடியாது, தோளில் உதிர்கிற செதில் பளிச்சென்று தெரியும். அதனால் வெள்ளை, இல்லாவிட்டால் சந்தன நிறம். கழுத்துப் பட்டியில் தார்க் களிம்பின் கறை ஏறும் என்று உள்பக்கம் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைப்பேன். கை முழுக்கை, மணிக்கட்டில் பொத்தான். உரசாமல் இருக்கக் கொஞ்சம் தொளதொளவென்று. அந்த வெயிலில், கண்ணாடி ஜன்னல் வைத்த பஸ்ஸில் கிள்ளான் வரைக்கும் போய்வருவார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும், ஆனால் பொத்தானை அவிழ்க்கமாட்டார். கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்லும் நாளில், எனக்கு வெளியே வேலை இருக்கு என்று செருப்புப் பக்கம் நின்றுவிடுவார். செருப்பு வைக்கிற இடத்தில் அப்படி என்ன வேலையோ!

காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனாலும் இதே கதைதான். பிரஷர் பார்க்க நர்ஸ் மிஸ்ஸி பட்டையை எடுத்துக்கொண்டு வருவாள். இவர் பொத்தானைப் பாதி அவிழ்ப்பார். உள்ளே சிவந்து, செதில் செதிலாக இருப்பதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிடும். "புண்ணு இருக்கு மிஸ்ஸி, வேணாம்" என்று இவரே சொல்லிவிடுவார். அவளுக்கும் நிம்மதி, இவருக்கும் நிம்மதி. எத்தனையோ வருஷம் அந்தக் கையில் யாரும் பட்டை சுற்றியதே இல்லை. எனக்கு அந்த மிஸ்ஸிகள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. தினமும் குளித்து முடித்ததும் அவர் முதுகிலும் கையிலும் களிம்பு தடவுகிறவள் நான். என் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முதுகு எனக்கு அருவருப்பாக இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஆசையாகத்தான் தடவினேன்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகுதான் அந்தச் சேலைக் கடை விவகாரம் ஆரம்பமாயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற வழியில் வரிசையாகச் சேலைக் கடைகள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கடை வாசலை எட்டிப் பார்க்காத மனிதர், ஒரு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொம்மை கட்டியிருந்த பட்டுச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மெஷின் இருக்கிற இடத்திலிருந்து தெரிந்தது. மறுநாளும் நின்றார். அப்புறம் தினமும். எனக்கு மனசுக்குள் கொண்டாட்டம். வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு ஏதோ யோசனை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அரக்குச் சிவப்பா, மயில் கழுத்து நிறமா என்று நானே முடிவெடுத்து, அதற்கு ரவிக்கைத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

ஒரு நாள் கடைக்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "அக்கா, அண்ணே தெனமும் வந்து பாக்குறாரு, உள்ள வாங்கன்னா மட்டும் வரமாட்டேங்கிறாரு. நீங்களாச்சும் கூட்டிட்டு வாங்க லா" என்றார்.

சரி, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்போம் என்று அவர் வருகிற நேரத்துக்குப் பக்கத்துக் கடை ஓரமாக நின்றேன். வந்தார். கண்ணாடி முன்னால் நின்றார். ஆனால் அவர் கண் சேலையில் இல்லை. கண் மூடியிருந்தது. வலது கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மூச்சை இழுத்து விட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடக்க ஆரம்பித்தார். தெருவில் சும்மா நின்றால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள். சேலை பார்க்கிறவரை யார் கேட்கப்போகிறார்கள்?

மாடிப்படி ஏறும்போது பின்னாலேயே போய்க் கேட்டேன். "காத்து புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. மத்தியானம் பருப்பு சாப்பிட்டேன்" என்றார். படியின் வளைவில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தார். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. நான் மனசுக்குள், விட்டேனா பார் என்று சொல்லிக்கொண்டேன்.

களிம்பு எழுதி வாங்க அவர் போவது கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு. பிரிக்பீல்ட்ஸில் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். அடுத்த தடவை அவர் கிளம்பும்போது, ரவிக்கைக்கு உள்துணி வாங்கவேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே பழைய டாக்டர் இல்லை, புதிதாக ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். எங்கள் மூத்த மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள்.

"கைய நீட்டுங்க அங்கிள், பிரஷர் பாக்கணும்."

"புண்ணு இருக்கு டாக்டர். வேணாம். எங்கேயும் எடுக்க மாட்டாங்க."

"நான் எடுப்பேன். நீட்டுங்க."

அந்தப் பெண் தானே பொத்தானை அவிழ்த்து, சட்டைக் கையைச் சுருட்டி, செதில் மேலேயே பட்டையைச் சுற்றினாள். ஒரு தடவை பார்த்தாள். முகம் மாறி இன்னொரு தடவை பார்த்தாள்.

"எத்தன நாளா பிரஷர் இருக்கு அங்கிள்?"

"பிரஷரா? எனக்கா? அதெல்லாம் இல்லையே."

"நடந்தா நெஞ்சு இறுக்கமா இருக்குமா?"

"இல்ல."

"பொய் சொல்றாரு டாக்டர்" என்றேன் நான். "சேலை பாக்குறாரு."

டாக்டர் பேந்தப் பேந்த விழித்தாள். நான் கண்ணாடி, பொம்மை, நெஞ்சில் வைத்த கை எல்லாவற்றையும் சொன்னேன். இவர் என்னை முறைத்த முறைப்பில் வேறொருத்தியாக இருந்தால் எரிந்துபோயிருப்பாள். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்க தோல் செவந்து தடிச்சு இருக்குல்ல, இதுக்கு அழற்சின்னு பேரு. இது தோலோட நின்னுரும்னுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா உடம்பெல்லாம் இப்படி இருக்கிறவங்களுக்கு ரத்தக் குழாய் அடைச்சுக்கிறது மத்தவங்களவிட அதிகமா இருக்குன்னு சில டாக்டருங்க கவனிச்சிருக்காங்க. எல்லாரும் இன்னும் ஒத்துக்கல. ஒத்துக்கட்டும், ஒத்துக்காம போகட்டும். உங்களுக்குப் பிரஷர் இருக்கு, சிகரெட் இருக்கு, எடை இருக்கு, இப்ப நெஞ்சும் இறுக்குது. நான் சும்மா விடமாட்டேன். ஈசிஜி எடுக்கணும், ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

அந்த ஒரு வார்த்தை போதும். இவர் எழுந்து நின்றுவிட்டார். "என் ரத்தத்துல ஒண்ணும் இல்ல! பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டாரு!"

"அவர் சொன்னது சரி அங்கிள். உங்க ரத்தத்துல அழுக்குன்னு நானும் சொல்லல. ரத்தம் போற குழாயில அடைப்பு இருக்கலாம்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற."

இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, "ஆன்டி, எப்படியாவது கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க. அங்கிள் ஒரு நாள் அப்படியே விழுந்துருவாரு" என்றாள்.

பஸ்ஸில் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். "இது அக்கா காதுக்குப் போச்சுன்னு வையி, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

பாருங்கள்! நெஞ்சில் வலியோடு ஒரு மனிதர், அக்கா ஜெயித்துவிடுவாள் என்பதற்காக டெஸ்டுக்குப் போகமாட்டாராம். கெஞ்சினேன். பிள்ளைகளை விட்டுப் பேசச் சொன்னேன். தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்றார். கிளினிக்குக்குப் போகாமல் இருக்க, களிம்பையே விட்டுவிட்டார். சேலைக் கடை முன்னால் நிற்கிற நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு சாயங்காலமும் மெஷினை நிறுத்திவிட்டு அவர் தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெட்டப் போயிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அலமாரியைத் திறந்தேன். அவருடைய முழுக்கைச் சட்டை அத்தனையையும் அள்ளிக் கட்டிலில் போட்டேன். கத்தரியை எடுத்து, முழங்கைக்கு மேலே ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினேன். அந்தக் கோபத்திலும் ஓரத்தை மடித்துத் தைத்துத்தான் வைத்தேன். தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

அவர் வந்து பார்த்தார். கீழே கிடந்த சட்டைக் கைகளைப் பார்த்தார். "ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? நாளைக்கு நான் எதப் போட்டுட்டு வேலைக்குப் போறது?" என்று கத்தினார். கீழ்க்கடைக்கே கேட்டிருக்கும்.

"இதப் போட்டுட்டுப் போங்க" என்றேன். "ரத்தம் சுத்தம், ஒட்டாது, ஒண்ணுமில்லன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல? அப்ப எதுக்கு மூடுறீங்க? நீங்க மூடி மூடி வச்சதாலதான் ஒரு மிஸ்ஸியும் உங்களுக்குப் பிரஷர் பாக்கல. அக்கா ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? நீங்க போயிட்டா நான் யாருகிட்டங்க சண்ட போடுவேன்?"

அழக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

அவர் திரும்பக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வெட்டின சட்டைகளுக்கு நடுவில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அக்கா இல்ல. அக்காவச் சும்மா சொன்னேன்" என்றார். "பயமா இருக்கும்மா. வெளிய இருக்கிறதச் சட்டையப் போட்டு மூடிட்டேன். உள்ளயும் இருக்குன்னு சொன்னா, அத எதப் போட்டு மூடுறது?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூட வேணாம். ரெண்டு பேருமா போயிப் பாப்போம்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

மறுநாள் அரைக்கைச் சட்டையோடு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் இறங்கினார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். கிள்ளான் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார வந்த ஒருவர், கையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். நல்லதாய்ப் போயிற்று என்று அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். டாக்டர் இவரைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டுப் படம் பிடித்துப் பார்த்ததில், இருதயத்துக்குப் போகும் குழாய்கள் பல இடத்தில் அடைத்திருந்தன. மாத்திரையில் தீராது, ஆபரேஷன்தான் என்றார்கள். அடைப்பைத் தாண்டிப் புதுவழி வைக்கக் காலிலிருந்து ஒரு ரத்தக் குழாய் எடுக்கவேண்டும். அதற்குக் காலில் செதில் இல்லாத இடமாகத் தேடிக் கோடு போட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவர் பிழைத்துக்கொண்டார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைக் கடைசிவரைக்கும் பதறவைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அதற்குப் பிறகு சிகரெட்டைத் தொடவில்லை. சோரியாசிஸ் அதுபாட்டுக்கு வந்தது, போனது. தோலுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், டாக்டருக்கு முன்னால் நான் பதில் சொல்வேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதையெல்லாம் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலத்தைச் சொல்ல வந்தேன்.

அதுவரைக்கும் அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் நான் போய்ச் சொன்னேன். பார்வையாளர் நேரத்துக்கு, கலைந்த தலையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை இல்லாமல் படுத்திருந்த தம்பியின் உடம்பை மேலிருந்து கீழே பார்த்தார். இப்போது ஆரம்பிக்கப்போகிறார், நான் அன்னைக்கே சொன்னேன்ல என்று. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நானும் பதில் கொடுக்கத் தயாராக நின்றேன்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அக்கா, நீ சொன்னதுதான் சரி. ரத்தத்துலதான் கோளாறு. நான்தான் கேக்கல."

அது சரியில்லை. ரத்தம் இல்லை, குழாய். டாக்டர் எனக்குப் படம் போட்டே காட்டியிருந்தாள். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரு சில தடவைகளில் அது ஒன்று.

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செதில் மூடிய அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அடக்கமாட்டாமல் அழுதார்.

"ஒவ்வொரு தடவையும் ஒங்கூடச் சண்ட போட்டுட்டு வீட்டுக்குப் போயி, நான் சொன்னது பொய்யா இருக்கணும்னுதாண்டா சாமிகிட்ட கேட்டேன். இதுல போயி என்னைய ஜெயிக்க வச்சிட்டியேடா தம்பி."